ஒரு வரி கட்டளை... ஒரு நூலகமே கையில்! கடைமடைக்காரர்களுக்கு ஒரு டவுன்லோடு முறை

2018 நவம்பர் 16 அதிகாலை. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. அந்தப் புயல் என்றாலே எல்லோரும் விழுந்த தென்னைகளைப் பற்றித்தான் பேசுவார்கள். பேச வேண்டியதும் அதுதான். ஆனால் திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, மன்னார்குடிப் பக்கத்து ஆட்களிடம் கேட்டால் இன்னொன்றும் சொல்வார்கள். மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. பல கிராமங்களுக்குக் கரன்ட் திரும்பி வரவே வாரக்கணக்கில் ஆனது. செல்போன் டவர்களும் வேலை செய்யவில்லை.

ஜெனரேட்டர் இருக்கும் இடத்தைத் தேடிப்போய் போனுக்கு சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்தாலும், உள்ளே என்ன இருந்தது? கேமராவில் எடுத்த படங்கள், வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்த ‘குட் மார்னிங்’குகள், எப்போதோ இறக்கி வைத்த நாலு பாட்டு. அவ்வளவுதான். யூடியூபில் இருந்த பாட்டு யூடியூபில்தான் இருந்தது. பிள்ளைகளின் பாடப்புத்தக பி.டி.எஃப். அரசுத் தளத்தில்தான் இருந்தது. ‘அதான் ஆன்லைன்ல இருக்கே, எப்ப வேணாலும் பார்த்துக்கலாம்’ என்ற நம்பிக்கைக்கு அந்த வாரம் ஒரு பதிலும் கிடைக்கவில்லை.

ஆன்லைனில் இருக்கிறது என்றால் என்ன அர்த்தம்? யாரோ ஒருவருடைய கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று அர்த்தம். அந்த யாரோ ஒருவர் கரன்ட் பில் கட்ட வேண்டும். வருடா வருடம் தளத்தின் பெயருக்குப் பணம் கட்ட வேண்டும். சலிக்காமல் இருக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் போச்சு. இழப்புக்குப் புயல்தான் வர வேண்டும் என்றில்லை.

2009 அக்டோபரில் யாகூ நிறுவனம் ‘ஜியோசிட்டீஸ்’ தளத்தை மூடியது. 1990-களில் இலவசமாக இணையப் பக்கம் வைத்துக்கொள்ள உலகம் முழுவதும் பயன்படுத்திய இடம் அது. தமிழர்களும் அங்கே கவிதையும் ஃபான்ட்டும் ஏற்றி வைத்திருந்தார்கள். அடுத்து ‘யாகூ குழுமங்கள்’. மரத்தடி, ராயர் காப்பி கிளப், அகத்தியர் என்று இணையத் தமிழின் முதல் தலைமுறை கூடிப் பேசிய திண்ணைகள் அவை. 2019-ல், பழைய பதிவுகளை அழிக்கப்போகிறோம், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அறிவிப்பு வந்தது. 2020 டிசம்பரில் கடையையே கட்டிவிட்டார்கள். முன்கூட்டியே எடுத்து வைத்தவர்களிடம் இன்னமும் இருக்கிறது. ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று இருந்தவர்களிடம் இல்லை.

சரி, எல்லாவற்றையும் பத்திரப்படுத்துகிற ‘இன்டர்நெட் ஆர்க்கைவ்’ இருக்கிறதே என்றால், 2024 அக்டோபரில் அதையே ஹேக்கர்கள் தாக்கினார்கள். சில நாள்கள் அதுவும் திறக்கவில்லை.

சோழநாட்டுக்கு இது புதுக்கதை இல்லை. தேவார ஏடுகள் தில்லைக் கோயிலில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்ததையும், ராஜராஜ சோழனும் நம்பியாண்டார் நம்பியும் போய்க் கதவைத் திறந்தபோது கறையான் புற்று மூடியிருந்ததையும் இங்கே பாட்டிமார்கள் கதையாகவே சொல்வார்கள். எண்ணெய் ஊற்றிப் புற்றைக் கரைத்து, மிஞ்சிய ஏடுகளை எடுத்தார்கள் என்பது மரபு. திருஞானசம்பந்தர் பாடியவை 16,000 பதிகங்கள் என்று அதே மரபு சொல்கிறது. இன்று நம் கையில் இருப்பவை 400-க்கும் குறைவு. பக்திக் கதையாக மட்டும் கேட்டுப் பழகிவிட்டதால் அதில் உள்ள நிர்வாகக் கோளாறு நம் கண்ணில் படுவதில்லை. பிரதி ஒன்று, அறை ஒன்று, பூட்டும் ஒன்று!

ஆக, வேண்டியதை நம் பக்கமும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்காது. சிக்கல் எடுக்கிற விதத்தில்தான். ஒரு தளத்தில் 400 கோப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகத் திறந்து, மூன்று புள்ளியை அழுத்தி, ‘டவுன்லோடு’ கொடுத்து, முடிந்ததா என்று பார்த்து, அடுத்ததற்குப் போக வேண்டும். பத்தாவது கோப்பில் கை வலிக்கும். இருபதாவதில் ஒரு போன் வரும். முப்பதாவதில் எதை எடுத்தோம், எதை விட்டோம் என்பதே மறந்துவிடும். பெரும்பாலான நல்ல எண்ணங்கள் இந்த முப்பதாவது கோப்பில்தான் செத்துப்போகின்றன.

இந்த வேலையை மொத்தமாகச் செய்ய ஒரு கருவி கிட்டத்தட்ட 30 வருடங்களாக இலவசமாகக் கிடைக்கிறது. பெயர் ‘டபிள்யூகெட்’. குரோஷியாவைச் சேர்ந்த ஹ்ர்வோயே நிக்ஷிச் என்பவர் எழுதியது. 1996 நவம்பரில் இந்தப் பெயரோடு வெளிவந்தது. வேர்ல்டு வைடு வெப்பில் வரும் ‘டபிள்யூ’வும், ‘எடுத்துக்கொண்டு வா’ என்று பொருள்படும் ‘கெட்’டும் சேர்ந்த பெயர். டயல்-அப் மோடம் காலத்துப் பிள்ளை என்பதால், லைன் அறுந்து அறுந்து வரும் இடத்துக்கென்றே செய்ததுபோல் இருக்கும். பாதியில் நின்றால் மறுபடி முயற்சி செய்யும். நின்ற இடத்திலிருந்து தொடரச் சொன்னால் தொடரும். மழை பெய்தாலே நெட் படுத்துவிடுகிற ஊர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இதில் பட்டன் கிடையாது, படம் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரியை டைப் செய்து என்டர் தட்ட வேண்டும். இதைத்தான் கமாண்ட் லைன், அதாவது கட்டளை வரி என்கிறார்கள். சினிமாவில் ஹேக்கர்கள் படபடவென்று தட்டுவார்களே, அந்தத் திரைதான். அதனாலேயே பலருக்கு அதைக் கண்டால் பயம். கடைக்குப் போகும் பையனிடம் ‘போற வழியில பால் வாங்கிக்க, மீதிச் சில்லறையை மறக்காம கேளு’ என்று சொல்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. முதலில் கருவியின் பெயர், அடுத்து நம் நிபந்தனைகள், கடைசியாக முகவரி.

நிபந்தனைகளுக்குப் போவதற்கு முன்னால், ‘டைரக்டரி’ என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். ஃபோல்டர் என்பதன் பழைய பெயர் அது. கணினித் தமிழில் ‘அடைவு’ என்று எழுதுகிறார்கள். பரதம் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் நிறைந்த தஞ்சை, திருவாரூர்ப் பக்கம் ‘அடைவு’ என்றால் தட்டடைவும் நாட்டடைவும்தான் நினைவுக்கு வரும் என்பதை அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தவர்கள் யோசித்தார்களா, தெரியவில்லை! நாம் டைரக்டரி என்றே வைத்துக்கொள்வோம்.

ஒரு டைரக்டரிக்குள் இன்னொரு டைரக்டரி, அதற்குள் இன்னொன்று என்று கிளை பிரிந்துகொண்டே போகும். டெல்டாவில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மேட்டூரில் திறக்கிற தண்ணீர் கல்லணையில் பிரிகிறது. வெண்ணாற்றில் வருவது நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகிறது. ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கிளை வாய்க்கால், அதிலிருந்து கன்னி வாய்க்கால், கடைசியில் வயல். கோப்பு என்பது வயல். டைரக்டரிகள் எல்லாம் வாய்க்கால்கள்.

டபிள்யூகெட்டுக்கு வெறும் முகவரியை மட்டும் கொடுத்தால் அந்த ஒரு பக்கத்தை எடுத்து வந்து நிற்கும். முகவரிக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு போட்டு ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தைச் சேர்த்தால், ‘கிளை கிளையாக உள்ளே போ’ என்று அர்த்தம். அது முதல் பக்கத்தைப் படிக்கும். அதில் உள்ள இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் போகும். போன இடத்தில் உள்ள இணைப்புகளையும் பிடிக்கும். நாம் வேறு எதுவும் சொல்லாவிட்டால் ஐந்து கிளை ஆழம் வரை போகும்.

இங்கே ஒன்று முக்கியம். பட்டியல் இருந்தால்தான் அதற்கு வழி தெரியும். திருவாரூர்க் கோயிலின் தேவாசிரிய மண்டபத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் சுந்தரரின் திருத்தொண்டத்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். 11 பாட்டு, பெரும்பாலும் அடியார்களின் பெயர்கள்தான். அந்தப் பெயர்களைப் பிடித்துக்கொண்டுதான் நம்பியாண்டார் நம்பி அந்தாதி பாடினார். அதையும் பிடித்துக்கொண்டு சேக்கிழார் பெரியபுராணமே எழுதினார். டபிள்யூகெட் செய்வதும் அதே வேலைதான், பக்தி மட்டும் கிடையாது. பட்டியலில் இல்லாத கோப்பை அதனால் ஊகிக்க முடியாது. பொத்தானை அழுத்தினால் மட்டும் விரியும் நவீனத் தளங்கள் பலவற்றில் அது விழிப்பதும் இதனால்தான். பழைய பாணியில், வெள்ளைப் பக்கத்தில் கோப்புப் பெயர்கள் மட்டும் வரிசையாக நிற்கும் தளங்கள்தான் அதற்குச் சொந்த ஊர் மாதிரி.

ஒரு தாத்தாவையும் பேத்தியையும் கற்பனை செய்துகொள்வோம். தாத்தா திருவாரூரில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பேத்தி கல்லூரி மாணவி. ஒரு பழைய நூலகத் தளத்தில் தேவாரம் என்று ஒரு டைரக்டரி இருக்கிறது. அதைத் தன் லேப்டாப்பில் இறக்கித் தரச் சொல்கிறார் தாத்தா. பேத்தி ‘ஆர்’ போட்டுத் தட்டிவிட்டு காபி குடிக்கப் போகிறாள். வந்து பார்த்தால் திரையில் ஓடுவது வேறு ஏதோ.

“என்ன பாப்பா, நான் தேவாரம்தானே கேட்டேன்? இது நன்னூல் உரை, இது ஏதோ சித்த மருத்துவம். உனக்கு மருந்து வேணுமா, எனக்கு வேணுமா?”

“ஐயோ, மேல ஏறாதேன்னு சொல்ல மறந்துட்டேன் தாத்தா.”

அந்தப் பட்டியலின் உச்சியில் ‘மேல் டைரக்டரிக்குச் செல்ல’ என்று ஓர் இணைப்பு இருக்கும். டபிள்யூகெட்டுக்கு அதுவும் ஓர் இணைப்புதானே? பிடித்துக்கொண்டு மேலே ஏறிவிடும். ஏறினால் பக்கத்து வாய்க்கால்கள் எல்லாம் தெரியும். அவற்றிலும் இறங்கிவிடும். தன் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவன் வாய்க்காலைப் பிடித்துக்கொண்டே மேட்டூருக்குப் போய்ச் சேர்ந்த கதைதான். அதனால் கட்டளையில் ‘என்பி’ என்ற இரண்டு எழுத்தையும் சேர்க்க வேண்டும். ‘மேலே ஏறாதே, கீழே மட்டும் போ’ என்று அதற்கு அர்த்தம். முதன்முதலாக இந்தக் கருவியைத் தொடுகிறவர்கள் பலரும் இதைக் கற்றுக்கொள்வது, ஹார்டு டிஸ்க் நிரம்பிய பிறகுதான்.

பேத்தி நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறாள். இந்த முறை சரியாக வருகிறது. ஆனால் நிதானமாக வருகிறது.

“ஏன் பாப்பா இவ்வளவு மெதுவா வருது? நம்ம நெட் போச்சா?”

“இல்ல தாத்தா, நான்தான் ஒவ்வொரு கோப்புக்கும் நடுவுல ரெண்டு செகண்டு நில்லுன்னு சொல்லியிருக்கேன். அவங்க சர்வர் சின்னது. நாம ஒரேயடியா இழுத்தோம்னா அந்த நேரத்துல படிக்க வர்றவங்களுக்குப் பக்கமே திறக்காது.”

“முறைப்பாசனம்னு சொல்லு.”

தாத்தா சொன்னது மிகச் சரி. தண்ணீர் குறைவாக இருக்கும் வருடத்தில் ஆற்றுக்கு இத்தனை நாள் என்று முறை வைத்துத்தான் விடுவார்கள். தலைமடைக்காரர் மடையை முழுக்கத் திறந்துகொண்டால் கடைமடை காய்ந்துவிடும். திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்கள் கடைமடை. அந்த வலி இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ‘டபிள்யூ’ என்ற எழுத்தோடு 2 என்று எண்ணைச் சேர்த்தால் இரண்டு விநாடி இடைவெளி. வேகத்துக்கு உச்சவரம்பு வைக்கவும் தனிச் சொல் உண்டு. தன்னார்வலர்கள் கைக்காசு போட்டு நடத்தும் தமிழ்த் தளங்களில் இந்த இரண்டையும் போடாமல் மொத்தமாக இழுப்பது, இரவோடு இரவாக மடையை உடைப்பதற்குச் சமம். ‘ரோபாட்ஸ்’ என்ற பெயரில் ஒரு சின்னக் கோப்பைத் தளத்துக்காரர்கள் வைத்திருப்பார்கள். தானியங்கிக் கருவிகள் எங்கே வரலாம், எங்கே வரக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். டபிள்யூகெட் கிளை கிளையாகப் போகும்போது இயல்பாகவே அதை மதிக்கும். மதிக்காதே என்று சொல்லவும் வழி இருக்கிறது. சொல்லாமல் இருப்பதுதான் மரியாதை.

இன்னும் இரண்டு எழுத்துகளைப் பார்த்துவிடலாம். ‘சி’ போட்டால் பாதியில் அறுந்த கோப்பு, அறுந்த இடத்திலிருந்து தொடரும். பெரிய ‘ஏ’ போட்டு பி.டி.எஃப். என்று எழுதினால் பி.டி.எஃப்.கள் மட்டும் தங்கும், மற்றவை தங்காது. இவ்வளவு தெரிந்தாலே வீட்டுக்குப் போதும்.

இதே கருவிக்குக் கெட்ட பெயரும் உண்டு. 2003-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் ஸக்கர்பெர்க் என்ற மாணவர், விடுதித் தளங்களிலிருந்து மாணவர்களின் படங்களை அவர்களிடம் கேட்காமலே மொத்தமாக எடுத்து, யார் அழகு என்று ஓட்டுப் போடும் பக்கம் ஒன்றை நடத்தினார். அதற்காகப் பல்கலைக்கழக நிர்வாகத்தின் முன்னால் நிற்க வேண்டிவந்தது. 2010-ல் வந்த ‘தி சோஷியல் நெட்வொர்க்’ படத்தில் அந்தக் காட்சியில் டபிள்யூகெட்டின் பெயரே வசனத்தில் வரும். கதவு பூட்டாமல் இருந்தது என்பதற்காக உள்ளே இருப்பது நம்முடையது ஆகிவிடாது. ஒருவரின் போட்டோ, ஒருவரின் மார்க் பட்டியல், நோயாளிகளின் ரிப்போர்ட் போன்றவை தெரியாமல் திறந்து கிடந்தாலும் தொடக் கூடாது.

இன்னொரு கதை இவ்வளவு சுலபமாகத் தீர்ப்புச் சொல்ல விடாது. ஆரன் ஸ்வார்ட்ஸ் என்ற அமெரிக்க இளைஞர், எம்.ஐ.டி. வளாக நெட்வொர்க் வழியாக ‘ஜேஸ்டோர்’ என்ற ஆய்வுக் கட்டுரைக் களஞ்சியத்திலிருந்து லட்சக்கணக்கான கட்டுரைகளை ஒரு சிறு நிரல் எழுதி இறக்கினார். 2011 ஜனவரியில் கைதானார். படிப்பவர்கள் கட்டணம் கட்டித்தான் ஆராய்ச்சியைப் பார்க்க முடியும் என்ற நிலை தவறு என்பது அவர் கட்சி. வழக்கு கடுமையாகிக்கொண்டே போனது. 2013 ஜனவரி 11 அன்று, 26 வயதில், தன் உயிரை மாய்த்துக்கொண்டார். டவுன்லோடு என்ற சின்னச் சொல்லுக்குப் பின்னால் ஓர் உயிர் போனதை நினைத்தால் இன்றும் மனது கேட்பதில்லை.

நம் நாட்டிலேயே, மொத்தமாக எடுத்து வைத்ததால் பிழைத்த கதை ஒன்று இருக்கிறது. ‘டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா’ என்று ஒரு திட்டம். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் ராஜ் ரெட்டி முன்னெடுத்த ‘மில்லியன் புக்’ திட்டத்தோடு சேர்ந்து, பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் துணையோடு நடந்தது. ராஜ் ரெட்டி கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். தமிழ் உட்படப் பல மொழிப் புத்தகங்களை நாடு முழுவதும் ஸ்கேன் செய்தார்கள். ஸ்கேன் செய்த அளவுக்குத் தளத்தைப் பராமரிக்கவில்லை. தலைப்புகள் ஆங்கில எழுத்தில் தாறுமாறாக இருக்கும். சில புத்தகங்களில் பக்கங்கள் இருக்காது. கிளிக் செய்தால் பாதி நேரம் திறக்காது.

கார்ல் மலமூட் என்ற அமெரிக்கர் அந்தப் புத்தகங்களை மொத்தமாகப் பிரதி எடுத்து இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றினார். நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள். பதிப்புரிமை உள்ள புத்தகங்களும் அதில் கலந்திருக்கின்றன என்று கேள்வி எழுந்தது. அது நியாயமான கேள்விதான். ஆனால் மூலத் தளம் பின்னாளில் இயங்காமல் போனது. இன்று பழைய தமிழ்ப் புத்தகம் ஒன்றைத் தேடி, தலைப்பு கோணல்மாணலாக இருக்கும் ஒரு ஸ்கேனை ஆர்க்கைவில் பிடித்து, ‘அப்பாடா, கிடைச்சிருச்சு’ என்று பெருமூச்சு விடுகிற ஆய்வு மாணவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் திறக்கும் கோப்புகளில் கணிசமானவை இந்த வழியில் வந்தவை. அறையைப் பூட்டியவர்களைவிட, கேள்விகளோடு என்றாலும், திறந்து ஏட்டை வெளியே எடுத்தவர் பக்கம்தான் மனம் சாய்கிறது.

எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது? இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 60 வருடங்கள் வரை பதிப்புரிமை உண்டு. அதற்குப் பிறகு பொதுச் சொத்து. நாட்டுடைமை ஆன நூல்களுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. திருவாரூரில் பள்ளியில் படித்தபோது ‘மாணவ நேசன்’ என்று கையெழுத்துப் பத்திரிகை நடத்திய மு.கருணாநிதியின் நூல்களைத் தமிழ்நாடு அரசு 2024-ல் நாட்டுடைமை ஆக்கியது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நாட்டுடைமை நூல்கள் குவிந்து கிடக்கின்றன. கையெழுத்துப் பத்திரிகைக் காலத்தில் ஒரு பிரதி வேண்டுமென்றால் யாராவது உட்கார்ந்து முழுவதும் எழுத வேண்டும். இப்போது தேவைப்படுவது ஒரு வரியும், கொஞ்சம் பொறுமையும்.

ஆரம்பிக்க நல்ல இடம் ‘மதுரைத் திட்டம்’. 1998 பொங்கல் அன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்த கு.கல்யாணசுந்தரம், உலகெங்கும் உள்ள தமிழர்களைச் சேர்த்துக்கொண்டு, பழைய நூல்களைச் சம்பளமில்லாமல் தட்டச்சு செய்து ஏற்றும் முயற்சியாக ஆரம்பித்தார். திருக்குறள், திருமுறைகள், சங்க இலக்கியம், ‘பொன்னியின் செல்வன்’ எல்லாம் அங்கே உண்டு. கோப்புகளுக்கு வரிசை எண் போட்டே பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதால் எது வந்தது, எது விட்டுப்போனது என்று கண்டுபிடிப்பது சுலபம். ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும், இந்த முகப்புப் பகுதியை நீக்காமல் தாராளமாகப் பகிரலாம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். அனுமதி கேட்டு அலைய வேண்டியதில்லை. முகப்பை மட்டும் வெட்டாதீர்கள். அதில்தான் தட்டச்சு செய்தவர், பிழை திருத்தியவர் பெயர்கள் இருக்கின்றன.

ஈழத்து நூல்களுக்கு ‘நூலகம்’ தளம் இருக்கிறது, 2005 முதல். 1981-ல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. வேறெங்கும் பிரதி இல்லாதவையும் அவற்றில் இருந்தன. பிரதி எடுப்பதன் அவசரம் என்ன என்று அந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

‘எங்க வீட்டுல லேப்டாப் இல்லையே’ என்பவர்களுக்கு: ஆண்ட்ராய்டு போனே போதும். ‘டெர்மக்ஸ்’ என்று ஒரு செயலி, எஃப்-டிராய்டு தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். திறந்தால் அதே கறுப்புத் திரை. அதில் ‘பி.கே.ஜி. இன்ஸ்டால் டபிள்யூகெட்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் கருவி வந்துவிடும். ‘டெர்மக்ஸ் செட்டப் ஸ்டோரேஜ்’ என்பதை இடையில் சிறு கோடுகள் போட்டு ஒருமுறை தட்டி அனுமதி கொடுத்தால், இறக்குவதைப் போனின் வழக்கமான ஃபோல்டர்களிலேயே வைக்கலாம். விண்டோஸ் லேப்டாப் வைத்திருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். விண்டோஸோடு வரும் பவர்ஷெல்லில் டபிள்யூகெட் என்று தட்டினால் அதே பெயரில் வேறொரு கருவி ஓடும். அதற்கு இந்த எழுத்துகள் எதுவும் புரியாது. நிஜ டபிள்யூகெட்டைத் தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும்.

இடம் போதுமா? எழுத்துக் கோப்புகள் என்றால் கவலையே வேண்டாம். 1,330 குறளும் அரை எம்.பி.க்குள் அடங்கிவிடும். ஸ்கேன் செய்த புத்தகம் என்றால் ஒன்றே பல எம்.பி. பிடிக்கும். சில புத்தகங்கள் 100 எம்.பி.யைத் தாண்டும். டேட்டா பேக்கில் தினம் ஒன்றரை ஜி.பி. என்று வைத்திருப்பவர்கள் எழுத்துக் கோப்பிலிருந்து தொடங்குவது நல்லது. ஸ்கேன்களை வைஃபை இருக்கும் இடத்தில், இரவு நேரத்தில் ஓடவிடலாம்.

ஆசையாக இறக்கிய பழைய கோப்பைத் திறந்தால் தமிழே இல்லாமல், கோடும் கொக்கியுமாகக் கிடக்கிறதா? பயப்பட வேண்டாம், கோப்பு கெடவில்லை. யூனிகோட் பரவுவதற்கு முன்னால் டிஸ்கி போன்ற குறியீட்டு முறைகளில் தட்டச்சு செய்தவை அவை. இணையத்தில் இலவச எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பிரதியைத் தனியாகச் சேமித்துவிட்டு, பழையதையும் அழிக்காமல் வைத்திருங்கள். மாற்றியில் பிழை இருந்தால் பழையதுதான் கை கொடுக்கும்.

கற்பனைத் தாத்தாவின் லேப்டாப்பில் இப்போது தேவாரம் முழுவதும் இருக்கிறது. ஒரே இடத்தில்! தில்லையில் இருந்ததும் ஒரே இடத்தில்தான். அதனால் பென் டிரைவில் ஒன்று, வெளியூரில் இருக்கும் மகன் வீட்டில் ஒன்று. எந்தத் தளத்திலிருந்து, எந்தத் தேதியில் எடுத்தது என்று இரண்டு வரி எழுதி அதே ஃபோல்டரில் போட்டுவிட்டால், பத்து வருடம் கழித்துத் திறக்கிறவர் திண்டாட மாட்டார்.

இரண்டு கணினிகளுக்கு நடுவே பிரதியைப் புதுப்பிக்க ‘ஆர்சிங்க்’ என்று ஒரு கருவி உண்டு. ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல்லும் பால் மெக்கராஸும் எழுதியது. அதுவும் 1996-தான். முழுவதையும் மறுபடி அனுப்பாமல், மாறியதை மட்டும் அனுப்பும். போன வருடம் தூர்வாரிய வாய்க்காலில் இந்த வருடம் புதிதாக விழுந்த மண்ணை மட்டும் அள்ளுவது போல. டபிள்யூகெட்டிலும் பெரிய ‘என்’ எழுத்தைச் சேர்த்து அதே கட்டளையை மறுபடி ஓட்டலாம். கோப்பு மாறிய தேதியைத் தளம் சரியாகச் சொன்னால், புதியதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தாண்டிப் போய்விடும். வருடத்துக்கு ஒரு தடவை ஓட்டினால் போதும். அக்டோபரில் மழை பிடிப்பதற்கு முன்னால் ஓட்டிவிட்டால் இன்னும் நல்லது.